கனெக்‌ஷன் அறுந்தால் வேலை பிழைக்குமா? எக்ஸ், விஎன்சி, ஆர்டிபி: எதை எப்போது எடுப்பது

கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். புரோகிராம் ஓடுவது எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில், நீங்கள் உட்கார்ந்திருப்பது விண்டோஸ் லேப்டாப் முன்னால் அல்லது மேக் முன்னால். அந்தப் புரோகிராமின் விண்டோ இந்தத் திரையில் வர வேண்டும், மவுஸும் கீபோர்டும் அதில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேட ஆரம்பித்தால் எக்ஸ் ஃபார்வர்டிங், விஎன்சி, ஆர்டிபி, எக்ஸ்ப்ரா, நோமெஷின், எக்ஸ்டுகோ என்று வரிசையாகப் பெயர்கள் வந்து விழும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் கூட்டம் வேறு.

நானும் ஒரு காலத்தில் எக்ஸ் பக்தன்தான். ஒரு நாள் காலையில் எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள் என்கிரிப்ட் செய்து நுழையும் வழி) வழியாக ஒரு கணக்கீட்டு புரோகிராமைத் திறந்து ஓடவிட்டேன், அது ஆறு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, நான் எதையோ யோசித்தபடி லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்து திறந்தால் விண்டோவும் இல்லை, புரோகிராமும் இல்லை, அந்த ஆறு மணி நேரமும் இல்லை. அதற்குப் பிறகு யார் இதைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இடையில் கனெக்‌ஷன் அறுந்தால் வேலை செத்தாலும் பரவாயில்லையா, பிழைத்தே ஆக வேண்டுமா? வேகம், அழகு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

எக்ஸிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வெவ்வேறு மெஷின்களுக்கு இடையே விண்டோவை அனுப்புவதற்காகவே பிறந்தது அது. 1984இல் எம்ஐடியில், அதீனா திட்டத்தில். அங்கே டெக் நிறுவனத்தின் மெஷின்களும் ஐபிஎம் மெஷின்களும் கலந்து கிடந்தன. எதில் ஓடும் புரோகிராமும் எதன் திரையிலும் தெரிய வேண்டும் என்ற தேவை இருந்தது. 1987இல் வந்த பதினோராவது பதிப்புதான் இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் எக்ஸ்11. கலப்பு மெஷின்கள் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்றால், புரோகிராம் இணையும்போது அனுப்பும் முதல் பைட்டே ஓர் எழுத்துதான்: பெரிய பி என்றால் 'என் எண்களில் பெரிய பகுதி முதலில் வரும்', சின்ன எல் என்றால் 'சின்ன பகுதி முதலில் வரும்'. எதிர்ப்பக்கம் அதற்கேற்பத் திருப்பிப் படித்துக்கொள்ள வேண்டும். (இப்போது இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே வகை என்பதால் எக்ஸ் புரோகிராம்களை வேலாண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடவைக்கும் எக்ஸ்வேலாண்டின் புதிய பதிப்புகளில் இந்தத் திருப்பிப் படிக்கும் வசதியை, பாதுகாப்புக் காரணத்துக்காக, இயல்பாகவே மூடி வைத்திருக்கிறார்கள். பழைய மெஷின் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள்.)

புதிதாக வருபவர்களைக் குழப்புவது பெயர்தான். எக்ஸில் சர்வர் என்பது தூரத்தில் இருக்கும் பெரிய மெஷின் இல்லை. திரையும் கீபோர்டும் மவுஸும் எங்கே இருக்கின்றனவோ அதுதான் சர்வர், அதாவது உங்கள் லேப்டாப். தூரத்தில் ஓடும் புரோகிராம்தான் கிளையண்ட், அது வந்து 'இங்கே ஒரு விண்டோ போடு, இங்கே ஒரு கோடு இழு' என்று உங்கள் லேப்டாப்பிடம் கேட்கிறது. இது மண்டையில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்: விண்டோஸிலிருந்து லினக்ஸ் புரோகிராமைப் பார்க்க விண்டோஸில் ஏன் ஒரு எக்ஸ் சர்வர் நிறுவ வேண்டும் என்பதும், லேப்டாப் தூங்கினால் ஏன் புரோகிராம் சாகிறது என்பதும். தன் சர்வர் போய்விட்டால் எக்ஸ் புரோகிராமுக்கு வரைய இடமில்லை. சாதாரண புரோகிராம் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடும்.

எக்ஸ் சர்வருக்கு விண்டோஸில் விசிஎக்ஸ்சர்வ், எக்ஸ்மிங், சிக்வின் எக்ஸ் என்று சில இருக்கின்றன. எஸ்எஸ்எச்சும் எக்ஸ் சர்வரும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் மோபாஎக்ஸ்டெர்ம். மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ் ஒன்றுதான் நடைமுறையில் வழி, 2012இல் வந்த மவுண்டன் லயனிலிருந்து ஆப்பிள் தன் சிஸ்டத்தோடு எக்ஸ்11 தருவதை நிறுத்திவிட்டது.

இணைப்பதற்கு எஸ்எஸ்எச் தவிர வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். பழைய குறிப்புகளில், யார் இணையலாம் என்று சொல்லும் எக்ஸ்ஹோஸ்ட் கமாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு, எந்தத் திரையில் வரைவது என்று சொல்லும் டிஸ்ப்ளே வேரியபிளில் உங்கள் ஐபி முகவரியைக் கொடுத்து, 6000ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லியிருப்பார்கள். அது நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் கீபோர்டை வாசிக்கக் கொடுப்பதற்குச் சமம், எதுவும் என்கிரிப்ட் ஆகவும் ஆகாது. எஸ்எஸ்எச்சில் பெரிய எக்ஸ் ஆப்ஷன் கொடுத்தால் அதுவே தூரத்து மெஷினில் டிஸ்ப்ளே வேரியபிளை வழக்கமாக லோக்கல்ஹோஸ்ட் பத்து என்று அமைத்து, அங்கே 6010ஆம் போர்ட்டுக்கு வருவதை எல்லாம் என்கிரிப்ட் செய்து உங்களிடம் கொண்டுவந்துவிடும். நீங்களாக டிஸ்ப்ளேவைத் தொடக் கூடாது. 'கேன்ட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்று வந்து நிற்கும் கேஸ்களில் நான் பார்த்தவரை அடிக்கடி மாட்டுவது மூன்று காரணம்: யாரோ எப்போதோ பேஷ் கோப்பில் டிஸ்ப்ளேவைக் கையால் எழுதி வைத்து மறந்துவிட்டது, தூரத்து மெஷினில் அனுமதிக் குக்கீயைக் கையாளும் எக்ஸ்ஆத் நிறுவப்படாதது, அப்புறம் சூடோ போட்டு வேறு பயனராக மாறிய பிறகு புரோகிராமைத் திறப்பது. அனுமதிக்கான குக்கீ உங்கள் ஹோம் டைரக்டரியில் இருக்கிறது, புதிய பயனருக்கு அது தெரியாது.

பெரிய எக்ஸ் ஆப்ஷனுக்கும் பெரிய ஒய் ஆப்ஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. எக்ஸ் என்றால் 'வரும் புரோகிராமை நம்பாதே', ஒய் என்றால் 'முழுதாக நம்பு'. நம்பினால் அந்தப் புரோகிராம் உங்கள் மற்ற விண்டோக்களில் அடிக்கும் பாஸ்வேர்டு வரை பார்க்க முடியும், தூரத்து மெஷினில் ரூட் அதிகாரம் உள்ளவரும் பார்க்கலாம். நம்பாத வழியில் 20 நிமிடம் கழிந்தால் அதற்கு மேல் புதிய விண்டோ எதுவும் திறக்காது, கோப்பைத் திறக்கும் சின்னப் பெட்டி கூட வராமல் போய் நிற்கும்போதுதான் இது பலருக்குத் தெரியவருகிறது. இதில் ஒரு வேடிக்கை, டெபியன் குடும்பத்தில் இயல்பான அமைப்பே 'நம்பு' என்பதால் இரண்டு ஆப்ஷனும் அங்கே ஒன்றுதான். ஆகவே நம்பாத மெஷினில் எக்ஸ் ஃபார்வர்டிங்கே வேண்டாம், அவ்வளவுதான் என் கருத்து.

இனி வேகம். எக்ஸ் வரைபடக் கட்டளைகளை அனுப்புகிறது, பிக்சலை அனுப்புவதில்லை, அதனால் சிக்கனம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் எழுத்து மட்டும் காட்டும் எக்ஸ்டெர்ம் காலத்தில் அது உண்மை. ஜிடிகே, க்யூடி நூலகங்களை வைத்து எழுதிய இப்போதைய புரோகிராம்கள் எழுத்தையும் பட்டனையும் பெரும்பாலும் தாங்களே வரைந்து முடித்து, படமாகத்தான் கொடுக்கின்றன; அதை எக்ஸ் சுருக்காமல் அப்படியே அனுப்பும். முழு ஹெச்டி திரை ஒன்று 1920 பெருக்கல் 1080, பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு தடவைக்கு 8.3 எம்பி. முழுத் திரையும் வினாடிக்கு 30 தடவை மாறினால் சுமார் 2 ஜிகாபிட்.

அதைவிட மோசமானது கேள்வி பதில். எக்ஸ் புரோகிராம் சர்வரிடம் அடிக்கடி எதையாவது கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கும். பக்கத்து அறை என்றால் ஒரு மில்லிவினாடிக்குள் பதில் வந்துவிடும், தெரியவே தெரியாது. தூரத்து ஊர் என்றால் போய் வர 80 மில்லிவினாடி. திறக்கும்போது 100 கேள்வி கேட்கும் ஒரு புரோகிராமுக்கு 8 வினாடி வெறும் காத்திருப்பிலேயே போகும். இதைக் கனெக்‌ஷன் வேகத்தைக் கூட்டித் தீர்க்க முடியாது, எஸ்எஸ்எச்சில் சுருக்கும் ஆப்ஷன் போட்டும் தீராது, ஏனென்றால் பிரச்சினை குழாயின் அகலத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. நோமெஷின் கொண்டுவந்த என்எக்ஸ் இந்தக் கேள்விகளுக்குத் தூரத்து மெஷினிலேயே ஒரு இடைத்தரகரை வைத்துப் பதில் சொல்ல வைத்தது, அந்தப் பழைய என்எக்ஸ் நூலகத்தின் மேல்தான் எக்ஸ்டுகோ நிற்கிறது. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே மாதிரி எளிய டெஸ்க்டாப்புகளோடு எக்ஸ்டுகோ நன்றாகப் போகும், புதிய க்னோமோடு அதற்கு ஒத்துவராது.

சரி, எக்ஸின் சௌகரியமும் வேண்டும், அதாவது தனித்தனி விண்டோவாக என் மற்ற விண்டோக்களோடு கலந்து தெரிய வேண்டும், ஆனால் கனெக்‌ஷன் போனால் சாகக் கூடாது என்றால்? எக்ஸ்ப்ரா. டெர்மினலில் ஸ்கிரீனோ டிமக்ஸோ பயன்படுத்தியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம், எக்ஸ் விண்டோக்களுக்கான டிமக்ஸ் அது. தூரத்து மெஷினிலேயே ஒரு பொய்யான எக்ஸ் சர்வர் ஓடும், புரோகிராம் அதனோடு பேசிக்கொண்டே இருக்கும். நீங்கள் வந்து ஒட்டிக்கொள்ளலாம், கழன்றுகொள்ளலாம், வேறு மெஷினிலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், பிரவுசர் வழியாகக் கூட. படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பதால் தூரத்திலும் தாங்கும். என் அந்த ஆறு மணி நேரத்துக்கு முன்பே இதைத் தெரிந்து வைத்திருக்கலாம். குறை என்னவென்றால் இரண்டு பக்கமும் பதிப்புகள் ரொம்ப விலகிப் போனால் மக்கர் பண்ணும், டிஸ்ட்ரிபியூஷனோடு வரும் பேக்கேஜ் சில சமயம் பழையதாக இருக்கும்.

விஎன்சி முற்றிலும் வேறு புத்தி. விண்டோ என்றால் என்ன, எழுத்து என்றால் என்ன என்று அதற்கு ஒன்றும் தெரியாது. திரை என்பது பிக்சல்களால் ஆன ஒரு செவ்வகம், அதில் எந்தப் பகுதி மாறியதோ அதை அனுப்பு. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, அந்தக் கூடம் பிறகு ஏடி அண்ட் டி கைக்கு மாறி 2002இல் மூடப்பட்டது. அதன் நெறிமுறை 2011இல் ஆர்எஃப்சி 6143 என்ற இன்டர்நெட் ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது. இந்த முட்டாள்தனமான எளிமைதான் அதன் பலம். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள், மேக்கின் ஸ்கிரீன் ஷேரிங்கும் இதையே பேசும், அங்கே விஎன்சிக்கான பாஸ்வேர்டு அனுமதியைத் தட்டிவிட்டால் லினக்ஸிலிருந்து சாதாரண வியூவரில் பார்க்கலாம். இன்னொரு நல்ல குணம், 'இப்போது அனுப்பு' என்று கேட்பது பார்ப்பவர் பக்கம். கனெக்‌ஷன் மெதுவாக இருந்தால் நடுவில் நடந்த மாற்றங்களை விட்டுவிட்டுக் கடைசி நிலையை வாங்கிக்கொள்ளும், எக்ஸ் மாதிரி ஒவ்வொரு கட்டளையையும் வரிசையில் நின்று வாங்காது.

லினக்ஸில் விஎன்சி என்று சொல்லும்போது இரண்டில் எது என்று தெளிவாக இருக்க வேண்டும். மெஷினின் நிஜத் திரையில் இருப்பதை அப்படியே காட்டுவது ஒன்று, எக்ஸ்11விஎன்சி மாதிரி. திரையே இல்லாமல் நினைவகத்தில் ஒரு டெஸ்க்டாப்பை உருவாக்கிக் காட்டுவது இன்னொன்று, டைகர்விஎன்சியோடு வரும் எக்ஸ்விஎன்சி மாதிரி. மானிட்டர் இல்லாத சர்வருக்கு இரண்டாவதுதான் வேண்டும், அதில் நீங்கள் போனாலும் வந்தாலும் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டே இருக்கும். வியூவரை மூடியதும் அது சாவதில்லை என்பதால், மாதக் கணக்கில் யாரும் பார்க்காத டெஸ்க்டாப்புகள் சர்வரில் பேய் மாதிரி உலவிக்கொண்டிருப்பதும் உண்டு.

பாதுகாப்பில் விஎன்சி பழங்காலம். பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும், நீங்கள் 20 எழுத்து வைத்தாலும் மீதி வீண். அடிப்படை நெறிமுறையில் என்கிரிப்ஷனும் கிடையாது, சில தயாரிப்புகள் தாங்களாகச் சேர்த்திருக்கின்றன, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? அதனால் விஎன்சியின் 5901ஆம் போர்ட்டை வெளியே திறக்காமல், லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கவைத்து, எஸ்எஸ்எச் டன்னல் போட்டு அதற்குள் போவதுதான் சரி. கீபோர்டிலும் ஒரு தொந்தரவு உண்டு. விஎன்சி எந்த எழுத்து அடிக்கப்பட்டது என்பதை அனுப்பும், ஆர்டிபி எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை அனுப்பும். இரண்டு பக்கமும் கீபோர்டு லேஅவுட் வேறாக இருந்தால் தப்பான குறிகள் வருவது இரண்டிலும் நடக்கும், ஆனால் காரணம் வேறு, ஆகவே ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

ஆர்டிபியைப் பற்றி லினக்ஸ்காரர்களுக்கு ஒரு மனத்தடை இருந்தது, எனக்கும்தான். மைக்ரோசாஃப்டுடையது, 1998இல் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது, விண்டோஸ் மெஷினுக்குள் போவதற்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். விண்டோஸுக்குள் போவதற்கு அதைவிட்டால் வேறொன்றை யோசிப்பதே வீண்: படம் எச்.264 வீடியோவாகச் சுருங்கி வரும், சத்தம் வரும், கோப்பு போகும், பிரிண்டர் கூட வரும், கனெக்‌ஷன் போனால் செஷன் அப்படியே காத்திருக்கும். பிடி ஒன்று இருக்கிறது, விண்டோஸ் ஹோம் பதிப்பு மற்ற மெஷின்களுக்குள் போகலாமே தவிர, தனக்குள் யாரையும் இப்படி வரவிடாது, ப்ரோ வேண்டும். ப்ரோவிலும் ஒரு சமயத்தில் ஒருவர்தான், நீங்கள் தூரத்திலிருந்து நுழைந்ததும் அங்கே மெஷின் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரே திரையை இரண்டு பேர் சேர்ந்து பார்த்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும் என்றால் விஎன்சிதான் இயல்பானது.

மாறியது என்னவென்றால், லினக்ஸ் பக்கமும் ஆர்டிபிக்கு வந்துவிட்டது. எக்ஸ்ஆர்டிபி பல வருடமாக இருக்கிறது, விண்டோஸோடு வரும் கிளையண்டிலேயே லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் திறக்கலாம், அங்கே எதையும் நிறுவ வேண்டியதில்லை, கழன்றுவிட்டு மறுபடி வந்தால் பழைய செஷனே கிடைக்கும். (அதே பயனர் நிஜத் திரையிலும் லாகின் ஆகியிருந்தால் கறுப்புத் திரை மட்டும் வரலாம், அதற்காக அரை நாள் தேடாதீர்கள், அங்கே லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள்.) 2022இல் க்னோம் 42 தன் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஆர்டிபியையே முதன்மையாக எடுத்துக்கொண்டது, 2024இல் வந்த 46இல் யாரும் லாகின் ஆகாத மெஷினிலும் தூரத்திலிருந்து லாகின் செய்யும் வசதி வந்தது. கேடிஇயும் பிளாஸ்மா 6.1இல் தன் ஆர்டிபி சர்வரைச் சேர்த்தது. எனக்கு இதில் சிரிப்பு வந்த இடம், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓடும் டபிள்யூஎஸ்எல்லில் லினக்ஸ் விண்டோக்கள் விண்டோஸ் திரையில் தெரிவதே ஆர்டிபி வழியாகத்தான். ஒரே மெஷினுக்குள்.

ஆர்டிபி போர்ட்டான 3389ஐ மட்டும் இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். 2019இல் வெளிவந்த புளூகீப் ஓட்டை, லாகினே செய்யாமல் பழைய விண்டோஸ் மெஷின்களுக்குள் நுழைய விடும் அளவுக்குப் போனது. விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் டன்னல், இரண்டில் ஒன்று.

எல்லோரும் ஆர்டிபி பக்கம் நகர்ந்ததற்கு, லினக்ஸில் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலாண்டும் ஒரு காரணம். 2008இல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் நெட்வொர்க் வழியாக விண்டோ அனுப்புவது என்ற சங்கதியே இல்லை, வேண்டுமென்றே விட்டார்கள், அதை மேலே வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று. எக்ஸ்வேலாண்ட் இருக்கும்வரை எஸ்எஸ்எச்சின் எக்ஸ் ஃபார்வர்டிங் இரண்டு பக்கமும் ஓடும், பயப்பட வேண்டாம். ரெட் ஹாட் தன் லினக்ஸின் 10ஆம் பதிப்பில் எக்ஸ் சர்வரை நீக்கியபோதும் எக்ஸ்வேலாண்டை வைத்துக்கொண்டது. ஆனால் வேலாண்டை மட்டும் பேசும் புரோகிராமை அனுப்ப வேபைப் வேண்டும், எஸ்எஸ்எச் கமாண்டுக்கு முன்னால் அதன் பெயரைச் சேர்த்தால் போதும், இரண்டு பக்கமும் அது நிறுவப்பட்டிருந்தால். உங்கள் பக்கம் விண்டோஸ் என்றால் இதில் பிரயோஜனம் இல்லை.

3டி வேலைக்குத் தனிக் கணக்கு. எக்ஸ் ஃபார்வர்டிங்கில் ஓபன்ஜிஎல் புரோகிராமைத் திறந்தால், வரைவது தூரத்து மெஷினின் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, உங்கள் லேப்டாப் அல்லது சாஃப்ட்வேர் வழி. பல சமயம் திறக்கவே திறக்காது. விர்ச்சுவல்ஜிஎல்லை விஎன்சியோடு சேர்த்தால் வரைவது அங்கே நடக்கும், முடிந்த படம் மட்டும் இங்கே வரும்.

ஆக நான் செய்வது இது. ஒரே கட்டடத்துக்குள், ஐந்து நிமிட வேலைக்கு ஒரு விண்டோ, செட்டிங்ஸ் மாற்றுவது, ஒரு கிராஃப் பார்ப்பது என்றால் எஸ்எஸ்எச்சோடு எக்ஸ், வேறு எதையும் நிறுவிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு விண்டோதான் வேண்டும் ஆனால் நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் எக்ஸ்ப்ரா. விண்டோஸ் மெஷினுக்குள் போக ஆர்டிபி. விண்டோஸிலிருந்து லினக்ஸின் முழு டெஸ்க்டாப் வேண்டும் என்றாலும் இப்போது ஆர்டிபிதான், முன்பு விஎன்சி என்று சொல்லியிருப்பேன். மேக்குக்குள் போக, இருவர் சேர்ந்து ஒரே திரையைப் பார்க்க, எந்த மெஷினிலிருந்து வருவார்கள் என்றே தெரியாத நிலைக்கு, எஸ்எஸ்எச் டன்னலுக்குள் விஎன்சி. என்எக்ஸ் குடும்பத்தை நான் இப்போது புதிதாக நிறுவுவதில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் தொடவும் மாட்டேன்.

எதை எடுத்தாலும், நிஜமான வேலையை அதில் ஏற்றுவதற்கு முன்னால் தூரத்து மெஷினில் ஒரு சாதாரண எடிட்டரைத் திறந்து, சேமிக்காமல் நாலு வரி அடித்துவிட்டு, உங்கள் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். அந்த நாலு வரி அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.